காரியாபட்டியில பத்து நிமிஷம் நிக்கும்

ஏம்மா, அந்தச் சீட்டக் கசக்காத. அருப்புக்கோட்டையில ஏறுனதுல இருந்து பாக்குறேன். மடிக்கிற, பிரிக்கிற, திரும்ப மடிக்கிற. எழுத்து அழிஞ்சு போச்சுன்னா மதுரையில எறங்கி யாருகிட்ட என்னன்னு கேப்ப?

குடு, பாப்போம். கூச்சப்படாத, நானும் பொம்பளதான். ம்... நெனச்சேன். "ஞாயிறு மூணு மணி, மூணாம் வகுப்பு அறை." ஆஸ்பத்திரி நர்சம்மா எழுத்துதானே? நாங்களும் அங்கதான் போறோம். பயப்படாம வா, நான் கூட்டிட்டுப் போறேன். யாருக்காகப் போற? வீட்டுக்காரருக்கா? சரி சரி, கண்ணத் தொடச்சுக்க. அவரு வரமாட்டேன்னுட்டாரு, நீ மட்டும் போய்ப் பாத்துட்டு வரலாம்னு கெளம்பிட்ட. எல்லாரும் அப்படித்தான். சேலை எடுக்கப் போறவ முதல்ல கடைய ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வருவால்ல, அந்த மாதிரி.

அந்தா, முன்னாடி மூணாவது சீட்டு, வெள்ளச் சட்டை. மடியில கேக்கு டப்பாவ வச்சுக்கிட்டு, பச்சப்பிள்ளைய ஊசி போடக் கொண்டு போற மாதிரி உக்காந்திருக்காரே, அவருதான் எங்க வீட்டுக்காரரு. பேரு சோணைமுத்து. மைக் செட் சோணைமுத்துன்னா எங்க பக்கத்துல தெரியாத ஆளு கெடையாது. இன்னிக்கு அவருக்குப் பொறந்தநாளு. அம்பத்தோராவது இல்லம்மா, ஒண்ணாவது. குடிய விட்டு ஒரு வருஷம் ஆச்சுன்னா அங்க பொறந்தநாளு கொண்டாடுவாங்க. கேக்கு வெட்டி, மெடல் ஒண்ணு குடுப்பாங்க. அந்த மெடல வீட்டு ஆளு கையாலதான் குடுக்கணும்னு ஒரு வழக்கம் வேற. பதினெட்டு வருஷமா வாந்தி அள்ளுனவளுக்கு மெடல் கெடையாது. அள்ள வச்சவருக்கு மெடல். அதையும் நாந்தான் சிரிச்சுக்கிட்டே குடுக்கணும். நல்லா இருக்குல்ல நியாயம்?

எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. சும்மா சொல்றேன்.

நான் பால்வாடி டீச்சரு. பேரு பஞ்சவர்ணம். முப்பது பிள்ளைகள ஒத்தையா மேய்க்கிறவளுக்கு ஒரு ஆம்பளைய மேய்க்கத் தெரியாதான்னு எங்க மாமியா கேக்கும். முப்பது பிள்ளைகள்ல ஒண்ணு கூடக் குடிச்சுட்டு வர்றதில்லையே அத்தைன்னு சொல்லுவேன். மாமியாளுக்கு அதுக்கும் கோவம் வரும். பெத்த தாயில்லையா, வரத்தான் செய்யும்.

மைக் செட் தொழிலு இருக்கே, அது ஒரு சாபம்மா. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, சாவு, எந்த வீட்டுல என்ன நடந்தாலும் குழாயக் கட்டணும். நல்லதுன்னா சந்தோஷத்துல ஒரு குவாட்டர் வாங்கிக் குடுப்பாங்க. கெட்டதுன்னா துக்கத்துல ஒரு குவாட்டர் வாங்கிக் குடுப்பாங்க. ஊர்ல ஒருத்தன் பொறந்தாலும் இவரு குடிக்கணும், செத்தாலும் இவரு குடிக்கணும். ஒண்ணுமே நடக்காத நாள்ல, ஒண்ணுமே நடக்கலையேன்னு குடிப்பாரு. ஒரு வளைகாப்பு வீட்டுல பாட்டப் போட்டுட்டு ஆம்பிளிஃபையர் மேல தலைய வச்சுத் தூங்கிட்டாரு. முந்தின நாள் எழவு வீட்டுக்குப் போட்ட ஒப்பாரி அதுல அப்படியே இருந்திருக்கு. அந்தப் பொண்ணு கையில ஏழாவது வளையல் ஏறுது, ஊரே கேக்குற மாதிரி குழாயில "என்னப் பெத்த ராசா, என்ன விட்டுப் போனியே"ன்னு ஒரு பொம்பள ஓலம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இவரத் தேடி வர்றாங்க, இவரு எந்திரிச்சு, "சவுண்டு பத்தலையா?"ன்னு கேட்டுக் கூட்டிவிட்டாரு பாரு, அதச் சொல்லு. அன்னிக்கு வாங்கிக்கிட்டு வந்த அடிக்கு நாந்தான் மஞ்சப் பத்து போட்டேன்.

போன வருஷம் அம்மன் கோயில் பொங்கலுக்கு வேப்பமரத்துல ஏறுனாரு. குழாயி மேல நின்னுச்சு, இவரு கீழ வந்துட்டாரு. தோள்பட்ட நகந்து போய் ஆஸ்பத்திரியில ஒரு வாரம். அங்கதான் அந்த நர்சம்மா சொன்னா, மதுரையில குடிய விட்டவங்களே சேந்து கூட்டம் நடத்துறாங்க, ஒத்தப் பைசா வாங்க மாட்டாங்க, ஞாயித்துக்கிழமை போங்கன்னு. எழுதித் தரவான்னும் கேட்டா. வேணாம், எனக்கு ஞாபகசக்தி ஜாஸ்தின்னுட்டேன். அவ வழிய ஒழுங்காச் சொல்லியிருக்கணும். வில்லாபுரம், மெயின் ரோட்டு மேலயே, ஞாயித்துக்கிழமை, ஒவ்வொருத்தரா எந்திரிச்சுத் தன் கதையச் சொல்லுவாங்க. இவ்வளவுதான் மனசுல நின்னுச்சு. அதுக்கு நான் என்ன பண்றது?

எறங்குனோம். ஒரு மாடிப்படியில சனம் ஏறிப் போகுது. நாங்களும் ஏறுனோம். குளுகுளுன்னு ஒரு ஹாலு. வாசல்ல டை கட்டுன ஆளு ஒருத்தரு, "வாங்க, வாங்க, இன்னியிலருந்து உங்க வாழ்க்கையே மாறப்போகுது"ன்னு கையக் குடுத்து உள்ள கூட்டிட்டுப் போறாரு. அடேயப்பா, குடிகாரங்க திருந்துனா இவ்வளவு டீசன்டா ஆயிருவாங்களான்னு எனக்கு ஒரே ஆச்சரியம். மேடையில ஒருத்தரு எந்திரிச்சாரு. "மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் ஒண்ணுமில்லாதவன். பொண்டாட்டி பிள்ளை மூஞ்சில முழிக்க முடியல. சொந்தக்காரங்க என்னையப் பாத்தா வேற பக்கம் போனாங்க. இன்னிக்கு நான் தலை நிமிந்து நடக்குறேன்"னாரு. எல்லாரும் கை தட்டுறாங்க. நான் முந்தானைய வாயில வச்சு அழுகுறேன். இவரும் அழுகுறாரு. நடுவுல மைக்கு கீச்சுன்னு கூவுச்சு. இவரு கண்ணத் தொடச்சுக்கிட்டே போய் அதச் சரி பண்ணிக் குடுத்துட்டு வந்தாரு. அப்பவே அவங்களுக்கு இவரப் பிடிச்சுப் போச்சு.

ரெண்டாவது வாரம் இவரே எந்திரிச்சாரு. "என் பேரு சோணைமுத்து. நான் குடிக்காம இருந்து பதினஞ்சு நாள் ஆச்சு"ன்னாரு. அப்புறம் அந்த டை கட்டுனவரு, "சூப்பர் சார்! எந்த ஃப்ளேவர் சார் எடுக்குறீங்க?"ன்னு கேட்டாரு. இவரு, "முன்னாடி எது கெடச்சாலும் எடுப்பேன், இப்ப எதுவும் இல்ல"ன்னாரு. அதுக்கும் கை தட்டுனாங்க. கையத் தட்டத்தான் அங்க சம்பளம் போல.

சிரிக்கிறியா? சிரி, சிரி. இன்னும் இருக்கு. மூணாவது வாரம் மேடையில சொன்னாங்க, நீங்க ஒவ்வொருத்தரும் உங்களுக்குக் கீழ மூணு பேரச் சேக்கணும், அப்பத்தான் நீங்க மேல வர முடியும்னு. எனக்கு அது ரொம்ப நியாயமாப் பட்டுச்சு. மூணு பேரத் திருத்துனாத்தான் நீ திருந்துனதுக்கு அடையாளம். எங்க தெருவுல மூணு என்னம்மா, முப்பது பேரு தேறுவாங்க. அதுல நல்லாக் குடிக்கிறவங்களா மூணு பேர நானே பொறுக்கி எடுத்து, அடுத்த ஞாயித்துக்கிழமை பஸ் ஏத்திக் கூட்டிட்டு வந்தேன். வர்ற வழியிலயே ஒருத்தரு சரக்கு போட்டுட்டாரு. ஹால்ல டப்பா டப்பாவா அடுக்கி வச்சிருந்த மேசையில போய்ச் சாஞ்சாரு. அம்பது டப்பா உருண்டு ஓடுது. இன்னொருத்தரு டை கட்டுனவரு கழுத்தக் கட்டிக்கிட்டு, "அண்ணே, நீயும் குடிச்சு அழிஞ்சவன்தானே, உண்மையச் சொல்லு"ன்னு கதறுறாரு. அப்பத்தான் தெரிஞ்சுச்சு, அது சத்து மாவு விக்கிற கம்பெனிக் கூட்டம்னு.

கீழ வந்தா வாட்ச்மேன் சிரிக்கிறாரு. "குடிகாரங்க கூட்டம் எதிர்த்தாப்புல ஸ்கூல்லம்மா. மாசத்துக்கு ஒருத்தராவது இங்க மாறி ஏறிருவாங்க"ங்கிறாரு. இத முதல் வாரமே சொன்னா என்னவாம்? ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த வாரங்கள்ல ஒரு சொட்டு கூட இவரு தொடல. எதிர்த்தாப்புல போய்ச் சேந்தப்ப, அங்க உள்ள பெரியவரு இன்னாசி சாரு, தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவரு, கதைய முழுசாக் கேட்டுட்டு, "கடைசியாக் குடிச்ச நாள்ல இருந்துதான் கணக்கு. எந்தக் கூட்டத்துல உக்காந்திருந்தா என்ன"ன்னுட்டாரு. தங்கமான மனுசன். இருபத்தி ரெண்டு வருஷமாக் குடிக்கல. மூஞ்சியப் பாத்தா அதுக்கு முன்னாடி குடிச்ச மாதிரியும் தெரியாது.

அங்க போனீன்னா நீயே பாப்ப. போர்டு கெடையாது, டை கெடையாது, மைக்கு கெடையாது. இவரு முதல் நாள் உள்ள போனதும், "மைக் இல்லையா?"ன்னு கேட்டவரு. மூணாங்கிளாஸ் பிள்ளைங்க பெஞ்சுல தாடி வச்ச ஆம்பளைங்க முழங்கால் நெஞ்சுல இடிக்க உக்காந்திருப்பாங்க. செவுத்துல அ, ஆ, வாய்ப்பாடு. ஒவ்வொருத்தரா எந்திரிச்சு, பேரச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி"ம்பாங்க. யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது, நடுவுல பேசக் கூடாது. அங்க பேசுனது வெளிய போகக் கூடாது. அதனால நான் அங்க நடந்தது எதையும் உங்கிட்ட சொல்ல மாட்டேன். இன்னாசி சாரு பொண்டாட்டி அவர விட்டுட்டுப் போய் அஞ்சு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்ததையெல்லாம் நான் வாயே தொறக்க மாட்டேன்.

நமக்கு, வீட்டுப் பொம்பளைங்களுக்கு, பக்கத்து ரூமு. ஒண்ணாங்கிளாஸ். அங்கயும் ஒரு ரூல் இருக்கு, கேட்டா நீ சிரிப்ப. புருஷனப் பத்திப் பேசக் கூடாதாம். உன்னைப் பத்திப் பேசணுமாம். என்னைப் பத்திப் பேச என்னம்மா இருக்கு? நானா குடிச்சேன்? நானா மரத்துல இருந்து விழுந்தேன்? ஒரு வருஷமாப் போறேன், ஒரு வார்த்தை பேசுனதில்ல. "இன்னிக்கு நான் கேட்டுக்கிறேன்"னு சொல்லிட்டு உக்காந்துருவேன். எனக்கு அதிகமாப் பேசுற பழக்கம் இல்ல.

சரி, எதுக்கு இதெல்லாம் சொல்றேன்னா, எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். அத நீ கேட்டுட்டு நியாயத்தச் சொல்லு.

அங்க ஒரு கட்டத்துல, குடிச்ச காலத்துல யாரு யாருக்குக் கெடுதல் பண்ணோம்னு பேரு பேரா எழுதணும். எழுதிட்டு, ஒவ்வொருத்தரையா நேர்ல போய்ப் பாத்து மன்னிப்புக் கேக்கணும். இவரு நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்குனாரு. கல்யாணப் பத்திரிகை வைக்கக் கெளம்புன மாதிரி தினம் காலையில கெளம்பிருவாரு. டீக்கடைக்காரரு கிட்டப் போய்க் கேட்டாரு. பக்கத்து வீட்டுத் துளசிச் செடியில அசிங்கம் பண்ணதுக்கு அந்த மாமி கிட்டக் கேட்டாரு, புதுச் செடி ஒண்ணும் வாங்கிக் குடுத்தாரு. அந்த வளைகாப்புப் பொண்ணு வீட்டுக்குப் போனாரு. பதினோரு வருஷம் ஆச்சு, அந்த வயித்துப் பிள்ளை இப்ப அஞ்சாங்கிளாஸ் படிக்குது. அந்தப் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, சோறு போட்டு அனுப்பியிருக்கு. அடிச்ச மாப்பிள்ளை இப்ப நம்ம வீட்டுக்காரருக்கு ஃபிரண்டு. எங்க மக கவியரசிய உக்கார வச்சு, அவ நாலாங்கிளாஸ் ஆண்டு விழாவுல மேடையேறி உளறுனதுக்கு மன்னிப்புக் கேட்டாரு. அவ, "விடுப்பா"ன்னு சொல்லிட்டு, உள்ள போய் அரை மணி நேரம் அழுதா. ஊர்ல நாய்க்கும் கோழிக்கும் கூட பாக்கி இல்ல.

எங்கிட்ட மட்டும் கேக்கல.

நான் என்ன கேட்டேன்? தங்கம் கேட்டேனா? ஒரு வார்த்தை. ஊருக்கே கேக்குற மாதிரி குழாயில "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்"னு கத்துன மனுசனுக்கு, வீட்டுக்குள்ள பொண்டாட்டி கிட்ட ஒரு வார்த்தை வரல பாரு.

குடிய விட்டதுல இருந்து ஆளே ஒரு மாதிரி. நேரங்காலம் தெரியல. ஒரு நாள் அடுப்புல பால வச்சிருக்கேன், வந்து நிக்கிறாரு. "பஞ்சவர்ணம், செத்த உக்காரு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்." பொங்குற பால விட்டுட்டு உக்கார முடியுமா? "அப்புறம் சொல்லுங்க"ன்னேன். இன்னொரு நாள் தெருக் குழாயில தண்ணி வந்துருச்சு, கொடத்தத் தூக்கிட்டு ஓடுறேன், பின்னாடியே வர்றாரு, "இங்கேரு, ஒரு நிமிஷம்"னு. அஞ்சு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி, அத விட்டுட்டு இவரு கதையக் கேக்கவா? தைப்பூசத்தன்னிக்கு சாமி கும்பிட்டுட்டு, "நான் பண்ணதுக்கெல்லாம்..."னு ஆரம்பிச்சாரு. குக்கர் விசிலடிச்சுச்சு. எந்திரிச்சுப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா அப்படியே உக்காந்திருக்காரு. நான் அடுப்படியில உள்ள எல்லா டப்பாவையும் எறக்கித் தொடச்சு முடிச்சுட்டு வந்தேன், அப்பவும் உக்காந்திருக்காரு. வேலவெட்டி இல்லாத மனுசன்.

போன வாரம் அவரு குளிக்கப் போன நேரம், அந்த நோட்ட எடுத்துப் பாத்தேன். பிறத்தியாரு நோட்டப் பாக்குற ஆளு இல்ல நான். சட்டைய மடிக்கும்போது கீழ விழுந்துச்சு, பிரிஞ்சுக்கிச்சு. முப்பத்தோரு பேரு. முதல் பேரே என் பேருதான். பஞ்சவர்ணம், கொட்டை எழுத்துல. முப்பது பேருக்கு நேரா டிக் அடிச்சிருக்காரு. முதல் பேருக்கு மட்டும் டிக் இல்ல. அதுக்குப் பதிலா வரிசையா தேதி. தைப்பூசத் தேதி, அதக் குறுக்கக் கோடு போட்டு அடிச்சிருக்கு. அப்புறம் ஒரு தேதி, அதையும் அடிச்சிருக்கு. ஒன்பது தேதி இருந்துச்சு, ஒன்பதையும் அடிச்சிருந்துச்சு. பாத்தியா, தள்ளித் தள்ளிப் போட்டிருக்காரு! மத்தவங்களுக்கெல்லாம் ஓடி ஓடிப் போனவரு, எனக்குன்னா நாளைக்கு, நாளான்னிக்குன்னு. நீயே சொல்லு, இது நியாயமா?

என்னம்மா, அப்படிப் பாக்குற? நான் சொல்றது புரியலையா?

காரியாபட்டி வந்துருச்சு. இங்க பத்து நிமிஷம் நிக்கும். நீ எறங்குறதுன்னா எறங்கிக்க, நான் இந்த ஸ்டாண்டுல எறங்க மாட்டேன். ஒன்பது வருஷமா எறங்குறதில்ல. காலு மரத்துப் போனாலும் உள்ளயேதான் உக்காந்திருப்பேன்.

இரு, இரு. எங்க எந்திரிக்கிறாரு? எறங்குறாரு பாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எறங்குறாரு. டீ குடிக்கவா? டீக்கடை இந்தப் பக்கம்ல இருக்கு. ஏன் அந்தப் பக்கம் போறாரு? அந்தச் சந்துக்குள்ள... உனக்குத் தெரியாது, அந்தச் சந்துல கடை இருக்கு. இருந்துச்சு. இப்பவும் இருக்கும், அதை யாரு மூடப் போறா?

இல்ல, குடிக்க மாட்டாரு. ஒரு வருஷம் ஆச்சு. இன்னிக்குப் பொறந்தநாளு. கேக்கு டப்பாவ சீட்டுலயே வச்சுட்டுப் போயிருக்காரு பாரு, வந்துருவாரு.

அன்னிக்கும் இப்படித்தான் போனாரு.

எங்கப்பா ஊரு இங்கருந்து டவுன் பஸ்ஸுல அர மணி நேரம். அப்பா செத்துட்டாருன்னு விடியக்காலம் சேதி வந்துச்சு. பிள்ளைக்கு அப்ப ஆறு வயசு. மூணு பேரும் ஒன்பது மணிக்கு இந்த ஸ்டாண்டுல எறங்குனோம். "மருமகன் வெறுங்கையோட போகக் கூடாது, நீ இங்கயே நில்லு, மாலை வாங்கிட்டு வந்துடுறேன்"னு போனாரு. அந்தச் சந்துக்குள்ளதான். பூக்கடையும் அங்கதான் இருக்கு, மத்த கடையும் அங்கதான் இருக்கு. பத்தே காலுக்கு ஒரு டவுன் பஸ் வந்துச்சு. போயிருச்சு. பன்னெண்டுக்கு ஒண்ணு வந்துச்சு. அதுவும் போயிருச்சு. ரெண்டு மணிக்கு யாரோ ரெண்டு பேரு இவரக் கைத்தாங்கலாக் கொண்டு வந்து என் காலடியில போட்டாங்க. கையில மாலையும் இல்ல ஒண்ணும் இல்ல. மூணு மணி பஸ்ஸப் பிடிச்சுப் போனா, எடுத்துட்டாங்க. பொம்பளைங்கெல்லாம் குளிச்சுட்டு ஈரத்தோட நிக்கிறாங்க. எங்கப்பா மூஞ்சிய நான் பாக்கல.

நீ கேக்க மாட்டியா? ரெண்டு பஸ்ஸு வந்துச்சே, நீ ஏன் ஏறிப் போகலன்னு? இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல. எல்லாரும், ஐயோ பாவம், குடிகாரனக் கட்டிக்கிட்டு இவ படுற பாடுன்னுதான் சொன்னாங்க. காசு கையில இருந்துச்சு. பஸ்ஸு கண்ணு முன்னாடி நின்னுச்சு. ஒத்தையாப் போய் எறங்குனா, மாப்பிள்ளை எங்கன்னு கேப்பாங்களே, நாலு பேரு முன்னாடி என்ன சொல்றதுன்னு நின்னேன். செத்துக் கெடந்த எங்கப்பாவ விட, குடிச்சுக் கெடந்த இவரு மானம் எனக்குப் பெருசாப் போச்சு. ரெண்டு பஸ்ஸ விட்டது நான். இவரு இல்ல.

இவரு மன்னிப்புக் கேட்டா, எதுக்குன்னு சொல்லணும்ல? மாலைன்னு சொல்லுவாரு. காரியாபட்டின்னு சொல்லுவாரு. அதக் கேட்டுட்டு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சரின்னு சொல்லுவேன்?

டிரைவர் ஏறிட்டாரு. இவரக் காணோம். கண்டக்டர், ஒரு ஆளு... இல்ல. வேணாம். நீங்க விசிலடிங்க. எடுங்க. நான் எறங்க மாட்டேன். இந்தத் தடவ நிக்க மாட்டேன். வராட்டிப் போறாரு. கேக்கு இருக்கு, நான் இருக்கேன், நீ இருக்க, நாம ரெண்டு பேரும் போவோம். உன்னையக் கொண்டு போய் அந்த ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வைக்கணும்ல? போலாம், போலாம். என் கையப் பிடிச்சுக்க.

யாரு பஸ்ஸத் தட்டுறது? பின்னாடி யாரு ஓடி வர்றது? எட்டிப் பாரு, வெள்ளச் சட்டையா? நிறுத்தச் சொல்லும்மா, நிறுத்தச் சொல்லு!

அம்பத்தோரு வயசுல ஓட்டத்தப் பாரு. வாங்க, வாங்க. விழுந்துறாதீங்க, ஏற்கனவே ஒரு தோள்பட்டதான் மிச்சம். எங்க போனீங்க? என்ன அது எலையில? மாலையா? நல்லா இருக்கே. தனக்குப் பொறந்தநாளுன்னு தானே போய் மாலை வாங்கிட்டு வர்ற மாப்பிள்ளைய இப்பத்தான் பாக்குறேன். மெடல் பத்தாதாக்கும்?

என்னது? சத்தமாச் சொல்லுங்க. யாருக்கு?

...மாமாவுக்கா? எங்கப்பாவுக்கா?

சரி. முதல்ல மூச்ச விடுங்க. தண்ணியக் குடிங்க. அந்தக் கேக்கு டப்பாவ சீட்டுல அப்படியே போட்டுட்டுப் போயிட்டீங்களே, யாராவது மேல உக்காந்தா என்னத்துக்கு ஆகும்? போய் அதப் பாருங்க, க்ரீமெல்லாம் ஒட்டியிருக்கும், நான் வந்து...

ஏம்மா நீ என்னைய இப்படிப் பாக்குற? நான் இப்ப என்ன சொல்லிட்டேன்?

ஆமா. தெரியுது. பாலும் இல்ல, கொடமும் இல்ல, குக்கரும் இல்ல. இந்த பஸ்ஸுல எனக்கு என்ன வேல இருக்கு.

தாயி, கோச்சுக்காத. நீ எந்திரிச்சு அவரு சீட்டுல போய் உக்காந்துக்க. கேக்க மடியில வச்சுக்க, சாஞ்சிராம பிடிச்சுக்க. வில்லாபுரம் வந்ததும் நானே வந்து எழுப்புறேன்.

நீங்க வாங்க. இப்படி உக்காருங்க. மாலைய என் மடியில வைங்க. ம், சொல்லுங்க. கேட்டுத் தொலைக்கிறேன். மெதுவாவே சொல்லுங்க, மதுரைக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு.